கோப்பை துடைக்கிற துவாயும் ஏழாவது சோடியும்

கனகாம்பிகை அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ரை நிறத்தையும் எழுதுவியோ?" என்பதுதான். எழுதுவேன் என்றேன். "அப்ப ஒழுங்காய் எழுது. பொதுநிறம் எண்டு எழுதினியெண்டால் கிழிச்சுப் போடுவன். நான் கறுப்பு" என்றார்.

கலியாண விளம்பரம் படித்தவர்களுக்குப் பொதுநிறத்தைத் தெரியும். பெண் கறுப்பு என்று எழுதினால் ஒரு கடிதமும் வராது. சிவப்பு என்று எழுதினால் மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து சண்டை பிடிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் தப்பிப்பதற்காக எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த நிறம் அது. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது.

அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் கனகாம்பிகை, கூப்பிட்ட பெயர் கறுப்பி. பொன் என்று பெயர் வைத்துவிட்டுக் கரி என்று கூப்பிட்ட குடும்பம். தாய் கூப்பிட்டார், தகப்பன் கூப்பிட்டார், பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த தம்பி குகதாசனும் பேசத் தொடங்கியதும் அப்படித்தான் கூப்பிட்டான். எல்லாம் பாசத்தில் என்பார்கள். பாசத்தோடு கூப்பிட்டுக்கொண்டே முகத்தில் கடலைமாவையும் அப்பினார்கள். கலியாணப் பேச்சுக்காக எடுத்த படத்தில் ஸ்டூடியோக்காரர் வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியதில் அக்காவின் மூக்கையே காணவில்லை. அந்த மூக்கில்லாத படத்தைப் பார்த்துத்தான் லண்டனில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த வைத்தியநாதன் சம்மதம் சொன்னார். 1974இல் ஹீத்ரோவில் வந்து இறங்கிய பெண்ணிடம் அவர் கேட்ட முதல் வார்த்தை, "பிளைற்றிலை வெயில் பட்டதோ?"

ஏழு வருடம் குடும்பம் நடத்தினார்கள். பிறகு வைத்தியநாதன் கனடாவுக்கு வேலை தேடிப் போனார். வேலை கிடைத்தது, கூடவே இன்னொருத்தியும் கிடைத்தார். மனுசன் விவாகரத்துக் கேட்டு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. எங்கள் ஆட்களுக்கு விவாகரத்துத்தான் வெட்கம், கட்டினவளை விட்டுவிட்டு ஓடுவதில் ஒரு வெட்கமும் இல்லை. அதனால் அக்கா அன்றைக்கும் இன்றைக்கும் சட்டப்படி, சாத்திரப்படி சுமங்கலி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் வாசுதேவன். கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு சமூக மண்டபத்தில் கேர்ரேக்கர். கதவு திறப்பது, கதிரை அடுக்குவது, சூடு வராத ஹீட்டரை உதைப்பது என் வேலை. சனி ஞாயிறில் எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்தியச் சடங்கு எல்லாவற்றுக்கும் மைக் பிடிக்கிற அறிவிப்பாளர். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. செவ்வாய் தோசம் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அக்கா 1982இல் அந்த மண்டபத்துக்குத் தேத்தண்ணி போடுகிற வேலைக்கு வந்தார்.

திங்கள் பென்சன்காரர், செவ்வாய் கராத்தே, புதன் உடம்பு குறைப்பவர்கள். வியாழக்கிழமை சும்மா கிடந்தது. 1985 மாரியில் அறிவிப்புப் பலகையில் வியாழனுக்கு ஒரு தாள் ஒட்டினார்கள்: கறுப்புப் பெண்கள் குழு, மாலை ஆறரை மணி, எல்லோரும் வரலாம். அக்கா அதை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"வாசு, என்ரை பேரிலை ஒரு கூட்டம் வைக்கினமடா" என்றார்.

அந்த நாட்களில் லண்டனில் அரசியல் பேசுகிறவர்கள் ஆபிரிக்கர், கரீபியர், எங்களைப் போன்றவர்கள் எல்லோரையும் கறுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் சேர்த்துப் பேசுவார்கள். எங்கள் ஆட்களோ அந்தச் சொல்லைக் கண்டால் தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால் நடப்பார்கள். கவுன்சில் படிவத்தில் கறுப்பு என்ற பெட்டி வந்தால் நாங்கள் பேனாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடுகிற சாதி. அக்காவுக்கு இந்த அரசியல் ஒன்றும் தெரியாது. நேரில் வந்து வெற்றிலை வைத்து அழைத்ததுபோல, தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு தோளில் துவாயோடு உள்ளே போனார்.

உள்ளே பதினாறு பெண்கள், பதினாறு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில், தட்டு நீட்டுகிற சின்ன யன்னலுக்குப் பின்னால் நின்றேன். யன்னலைச் சாத்தச் சொன்னார்கள், சாத்தினேன். ஒரு விரல் இடைவெளி விட்டேன். என்னிடம் நல்ல பழக்கம் எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் பேசியது இங்கிலீஸ், அதைத் தமிழில் எழுதுவது நான். ஆகவே இந்தக் கதையில் ஜமேக்காக்காரியும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவார், குறை நினைக்க வேண்டாம்.

அந்த ஜமேக்காக்காரியின் பெயர் வினெற். பஸ் கண்டக்டர். மேல்தட்டில் நின்று கத்தினால் கீழே டிரைவருக்குக் கேட்கிற குரல். சத்தம் தாங்க முடியாமல் அவர் எழுந்து அக்காவின் தோளில் கிடந்த கோப்பை துடைக்கிற துவாயை உருவி எடுத்தார்.

"இது ஆரின்ரை கையிலை இருக்குதோ அவ மட்டும் கதைக்கலாம். மற்ற ஆக்கள் வாயை மூடவேணும். சனம் சொல்லுது, அவையள் சொல்லினம் எண்ட கதையெல்லாம் இஞ்சை வேண்டாம். 'நான்' எண்டு தொடங்கவேணும். கதைக்க விருப்பமில்லாட்டி பக்கத்து ஆளிட்டைக் குடுக்கலாம். ஆனால் வட்டத்துக்கு வெளியிலை நிண்டு விடுப்புப் பாக்க ஏலாது" என்றவர் அக்காவைப் பார்த்தார். "அது உங்களுக்கும்தான். தேத்தண்ணி ஆறட்டும், இருங்கோ."

அக்கா இருந்தார். முதல் வியாழன் துவாயை அப்படியே பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டார். இரண்டாவது வியாழன் கொஞ்ச நேரம் அதைப் பிசைந்துவிட்டு, "நான் கனகாம்பிகை. எனக்கு முழங்கால் நோகுது" என்று தொடங்கினார். முழங்காலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். பதினாறு பெண்களும் வாய் திறக்காமல் கேட்டார்கள். அன்று கோப்பை கழுவும்போது அக்கா அழுதார். முழங்கால் நோவில் அழுகிறார் என்று நினைத்தேன். "அந்தாள் ஏழு வருசத்திலை அஞ்சு நிமிசம் நான் சொன்னதைக் கேட்டதில்லையடா" என்றார்.

மூன்றாவது வியாழன்தான் வில்லங்கம் வந்தது. ஒரு இளம் பெண் துவாயைப் பிடித்துக்கொண்டு அக்காவை நேராகப் பார்த்தார். "நான் கேக்கிறன், இவ எப்பிடிக் கறுப்பு? இவையின்ரை கடைக்கு நான் போனால் களவெடுப்பன் எண்டு பின்னாலையே ஒராள் வருவார்."

வினெற் துவாயை வாங்கினார். "நானும் ஒண்டு கேக்கவேணும். நான் வாழைக்காய் வாங்குற கடையிலை, என்னைக் கண்டவுடனை கவுண்டரிலை நிக்கிறவர் உள்ளுக்குத் திரும்பி ஒரு சொல் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அதே சொல்தான். காப்பிலி. அதுக்கு என்ன அர்த்தம்?"

துவாய் அக்காவின் மடிக்கு வந்தது. யன்னலுக்குப் பின்னால் நான் ஒரு விரல் இடைவெளியை அரை விரலாக்கினேன். அந்தச் சொல்லை எங்கள் வீடுகளில் உப்பு, புளி என்று சொல்வதுபோலச் சொல்வார்கள். நானாக இருந்தால் வாடிக்கையாளர் என்று அர்த்தம் சொல்லியிருப்பேன். நல்ல மனுசி என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

அக்கா துவாயை நாலாக மடித்தார். "நான் பொய் சொல்லலாம், உங்களுக்குத் தெரியவராது. ஆனால் அது கூடாத சொல். கறுத்த ஆக்களை மனுசராய் எண்ணாத சொல். நானும் சொல்லியிருக்கிறன். வந்த புதுசிலை பஸ்சிலை உங்களைப் போலை ஒராளுக்குப் பக்கத்திலை இடம் இருந்தும் நான் நிண்டுகொண்டு போனனான். என்னை வீட்டிலை கறுப்பி எண்டுதான் கூப்பிட்டவை. என்னிலும் கறுத்த ஒராளைக் கண்டவுடனை எனக்குச் சந்தோசமாய் இருந்தது. அதுதான் உண்மை."

இளம் பெண் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நியாயம்தானே, அவர் ஏன் இருந்து இதைக் கேட்க வேண்டும்? இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தார். வினெற் மட்டும் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எந்த பஸ்?" என்று கேட்டார்.

அக்கா பஸ் நம்பரைச் சொன்னார்.

"அது என்ரை பஸ்தான். டிக்கெற் எடுத்தனீங்களோ?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. இரண்டையும் அந்தத் துவாயிலேயே துடைத்தார். அந்தச் சொல்லைப் பற்றித் தன்னிடம் உண்மை பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்று வினெற் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வினெற்றின் முறை. "நான் வினெற். எனக்குப் பொம்பிளையளைத்தான் பிடிக்கும். பேர்மிங்காமிலை ஒரு புருசன் இருக்கிறான், சேர்ச்சிலை கட்டினது, இன்னும் அவிட்டு விடேல்லை. என்ரை அம்மாவின்ரை சேர்ச்சிலை மூண்டு வருசமாய் எனக்காகச் செபம் செய்யினம். கடவுள் இன்னும் பதில் போடேல்லை. அவருக்கும் வேலை கூடவாக்கும்."

கறுப்புப் பெண்ணாக இருப்பதே போதுமான கரைச்சல், அதற்குள் இதுவும் வேண்டுமா என்று தன் சொந்தச் சனமே கேட்கிறது என்றார். வெள்ளைக்காரப் பெண்களின் கூட்டத்துக்குப் போனால் அங்கே தலைமயிரைத் தொட்டுப் பார்க்கிறார்கள், சேர்ச்சுக்குப் போனால் தலையில் கை வைத்துப் பேயோட்டுகிறார்கள், இரண்டு இடத்திலும் தலைக்குத்தான் சேதம் என்றார். வட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான் என்று அக்காவுக்கு அன்றுதான் விளங்கியது. துவாய் வந்ததும் அக்கா மிகவும் யோசித்து, "எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "ரெண்டும் பொம்பிளையள் எண்டால், ஆர் சமைக்கிறது?"

மண்டபமே குலுங்கியது. வினெற் தன் முறை இல்லாமலே பதில் சொன்னார். "ஆருக்குச் சமைக்கத் தெரியுமோ அவ!"

அக்காவுக்கும் வினெற்றுக்கும் இடையில் அது எப்படித் தொடங்கியது என்று கேட்டால் சமையலில்தான் தொடங்கியது. வினெற் உப்பு மீன் கொண்டுவந்தார், அக்கா கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனார். யாருடைய மிளகாய் உறைப்பு என்று போட்டி வந்தது. அக்கா வினெற் கொண்டுவந்த குண்டு மிளகாயை ஒரே கடியில் கடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் விக்கினார். வினெற் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். விக்கல் நின்ற பிறகும் தடவினார், அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. 1986இல் வினெற் தன் பெட்டிகளோடு அக்காவின் வீட்டுக்கு வந்தார். ஊருக்கு, அறை வாடகைக்கு எடுத்தவர் என்று சொன்னார்கள். எந்த அறை என்று ஊர் கேட்கவில்லை.

எண்பத்தெட்டில் ஒரு சட்டம் வந்தது. ஒரே பாலார் உறவைக் கவுன்சில்கள் ஊக்கப்படுத்தக் கூடாதாம். எங்கள் மனேஜர் பயந்தாங்கொள்ளி. யாரும் ஒன்றும் கேட்க முன்பே பலகையில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு 'பின்னல் வகுப்பு' என்று எழுதி ஒட்டினார். உள்ளே அதே வட்டம், அதே துவாய். அக்காவின் தம்பி குகதாசனின் மனைவி சிவனேஸ்வரி, "இத்தினை வருசமாய்ப் பின்னுறியள், எனக்கு ஒரு சுவெற்றர் பின்னித் தரக்கூடாதோ மச்சாள்?" என்று கேட்டபோது வினெற் சந்தையில் ஒன்று வாங்கி வந்தார். சிவனேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைச் சாமான் மாதிரியே இருக்கு என்று புகழ்ந்தார். லேபிளை வெட்டியது நான்தான்.

அந்த நாட்களில் ஒரு வியாழன், கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது நான் அக்காவிடம் என் செவ்வாய் தோசத்தைப் பற்றி உண்மையைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போது கை வரவில்லை. அக்கா கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும். நீ யன்னலுக்குப் பின்னாலை மூச்சு விடுறது வினெற்றுக்கும் கேக்கிறது" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. துவாயை என்னிடம் தந்து, துடை என்றார்.

குகதாசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்துநாலில் பெண்சாதி, இரண்டு வயதுப் பிள்ளையோடு அகதியாக வந்து அக்காவின் முன்னறையில் இரண்டு வருடம் இருந்தவன். பிறகு நோர்பரியில் பலசரக்குக் கடை போட்டான். சனிக்கிழமை கடையில் சனம் கூடும், ஆகவே பிள்ளை ஆரணியை அக்காவிடம் விட்டுவிடுவார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஆரணிதான் பிள்ளை. ஆறு வயதில் ஒரு சனிக்கிழமை ஆரணி தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னலும் நுனியில் மணிகளுமாக வீட்டுக்குப் போனாள். வினெற்றின் கைவேலை. சிவனேஸ்வரி மூன்று மணித்தியாலம் இருந்து அவிழ்த்தார், ஆரணி மூன்று மணித்தியாலமும் கத்தினாள். அன்றிலிருந்து குகதாசனுக்கு வினெற்றைப் பிடிக்காது. போகப் போக, அவர் அக்காவுக்கு யார் என்பது விளங்கியதும், அதைவிடப் பெரிய காரணமும் கிடைத்தது.

1995இல் ஆரணி பெரியபிள்ளையானாள். நோர்பரியில் மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு. குகதாசன் அழைப்பிதழோடு அக்காவின் வீட்டுக்கு வந்தான். வினெற் ஷிப்டில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்தான்.

"அக்கா, நீங்கள் பிள்ளையின்ரை மாமி. வராட்டிச் சனம் கதைக்கும். ஆனால் தனிய வாங்கோ. அந்த மனுசியோடை வந்தியள் எண்டால் ஆரணியை இனி இந்தப் பக்கம் விடமாட்டன். சொல்லிப்போட்டன்."

அக்கா தனியே போவது என்றுதான் முடிவெடுத்தார். அதையும் எழுதத்தான் வேண்டும். பத்து வருடம் துவாயைப் பிடித்து நான், நான் என்று உண்மை பேசிய அக்கா, தம்பி ஒரு தரம் முறைத்ததும் சுருண்டுவிட்டார். பிள்ளையை இழக்க அவரால் முடியாது. அன்றிரவு வினெற்றிடம் சொன்னார். வினெற் சண்டை பிடிக்கவில்லை. அக்காவின் சடங்குச் சீலையை எடுத்து ஸ்திரிக்கை போட்டார். போட்டுக்கொண்டே, "நீர் போயிட்டு வாரும். வாடகைக்கு இருக்கிற ஆள் வீட்டைப் பாத்துக்கொள்ளுவன்" என்றார். சண்டை பிடித்திருந்தால் நித்திரையாவது வந்திருக்கும் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

சடங்குக்கு முதல்நாள் ஆரணி போன் எடுத்தாள். "மாமி, வினெற் ஆன்ரி என்ன கலர் சீலை? ஷீ இஸ் கமிங், ரைற்?" அக்கா ஓம் என்று சொன்னாராம். என்ன கலர் என்று தெரியாமல் பச்சை என்று சொன்னாராம். போனை வைத்துவிட்டு வீட்டில் பச்சைச் சீலை தேடினார்கள்.

அன்று நான் மேடையில் மைக்கோடு நிற்கிறேன். இரண்டு பேரும் வந்தார்கள். வினெற் பச்சைப் பட்டில், அந்த உயரத்துக்குச் சீலை கணுக்காலுக்கு மேலே நின்றது. அக்கா வாசலில் தம்பியிடம், "வேலை செய்யிற இடத்துச் சினேகிதி" என்று முணுமுணுத்தார். குகதாசன் இரண்டு பேரையும் கடைசி வரிசையில் இருத்தினான். ஆலாத்தி எடுக்கிறவர்களின் பட்டியலை என்னிடமிருந்து பிடுங்கி, அக்காவின் பெயரை வெட்டிவிட்டு ஈஸ்ட் ஹாமில் இருக்கிற தன் ஒன்றுவிட்ட சகோதரிகள் இரண்டு பேரை எழுதினான்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைக்குக் கண்ணூறு என்கிற திருஷ்டி கழிய இரண்டு இரண்டு பெண்களாக வந்து ஒரே தட்டை இருவரும் பிடித்து, திரி கொளுத்திச் சுற்றுவார்கள். இருவரும் புருசன் உயிரோடு இருப்பவர்களாக இருக்க வேண்டும். சோடிகளின் எண்ணிக்கை ஒற்றையில் முடிய வேண்டும். ஒருமுறை எடுத்தவர் மறுபடி எடுக்கக் கூடாது, பெற்ற தாயும் எடுக்கக் கூடாது. அன்று ஏழு சோடி. அறிவிப்பாளர் ஒவ்வொரு சோடியையும் பெயர், உறவு சொல்லிக் கூப்பிடுவார், வீடியோக்காரர் எடுப்பார்.

நாலாவது சோடி மேடையில் நிற்கும்போது குகதாசன் கடைசி வரிசைக்குப் பின்னால் சமையல்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றான். "அந்தக் காப்பிலிக்கு முதல் பந்தியிலை இலை போடாதேங்கோ" என்றான். அக்காவுக்குக் கேட்டது. வினெற்றுக்கும் கேட்டது. தமிழில் அவருக்கு நாற்பது சொல் தெரியும், அதில் அது ஒன்று.

வினெற் எழுந்து கைப்பையை எடுத்தார். அக்கா சீலைத் தலைப்பைப் பிடித்தார்.

"விடும். அர்த்தம் சொல்லித் தந்தது நீர்தானே" என்றார் வினெற்.

"இரும்" என்றார் அக்கா. "என்ரை முறை இன்னும் வரேல்லை."

எப்படி வரும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆறாவது சோடி முடிந்தது. ஏழாவதைக் கூப்பிட்டேன், யாரும் வரவில்லை. ஈஸ்ட் ஹாம் சகோதரிகளின் கார் வழியில் நின்றுவிட்டது என்று மண்டபத்துப் போனில் செய்தி வந்தது. ஐயருக்கு இரண்டு மணிக்கு வேறொரு சடங்கு. "ஆறிலை நிப்பாட்ட ஏலாது. ரெட்டையிலை முடிச்சால் பிள்ளைக்குக் கூடாது. வேறை ரெண்டு சுமங்கலியளைக் கூப்பிடுங்கோ" என்றார். சொந்தத்தில் தகுதியான எல்லோரும் எடுத்து முடித்துவிட்டார்கள், பட்டியலில் பெயர் விடுபட்ட மற்றச் சுமங்கலிகள் ஆள் இல்லாத இடத்துக்குத்தானே எங்களைத் தேடுகிறீர்கள் என்று முகத்தைத் திருப்பினார்கள். மிச்சம் இருந்தது விதவைகளும் கலியாணமாகாத பெட்டைகளும். குகதாசன் என்னைப் பார்த்தான், நான் ஐயரைப் பார்த்தேன்.

"நான் எடுக்கிறன்" என்று கடைசி வரிசையில் இருந்து சத்தம் வந்தது. அக்கா வினெற்றின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். "ஐயா, நான் பிள்ளையின்ரை மாமி. என்ரை புருசன் ரொறொன்ரோவிலை சுகமாய் இருக்கிறார்."

"நல்லது. சோடி?"

"இவ. இவவின்ரை புருசனும் பேர்மிங்காமிலை சுகமாய் இருக்கிறார்."

ஐயர் யோசித்தார். புருசன் உயிரோடு இருக்க வேண்டும் என்று இருக்கிறது, கூட இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பேர்மிங்காமைப் பற்றியும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கெதியாய் வாங்கோ" என்றார்.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "ஏழாவது சோடி. பிள்ளையின் மாமி, திருமதி கனகாம்பிகை வைத்தியநாதன். அவருடன்..." அதற்கு மேல் வரவில்லை. உறவு சொல்ல வேண்டும். கீழே நின்று குகதாசன், சினேகிதி, சினேகிதி என்று வாயசைத்தான். அதைச் சொன்னால் எல்லாம் சரி. பிள்ளையும் சனிக்கிழமைகளில் வரும், அக்காவும் தப்பலாம். நான் அதைத்தான் சொல்லப் போனேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா என் கையிலிருந்து மைக்கை எடுத்தார். துவாயைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தார்.

"நான் கனகாம்பிகை. என்னை நீங்கள் எல்லாரும் கறுப்பி எண்டு கூப்பிட்டனீங்கள். இவ வினெற். இவ வாடகைக்கு இருக்கிற ஆள் இல்லை, வேலைச் சினேகிதியும் இல்லை. நான் இவவோடை ஒன்பது வருசமாய்க் குடும்பம் நடத்திறன். நான் இவவிலை உயிர். இந்தப் பிள்ளையிலையும் உயிர். தம்பி பிள்ளையை விடமாட்டன் எண்டவன். விடாட்டி நான் செத்துப்போக மாட்டன், ஆனால் நல்லாய் அழுவன். அவ்வளவுதான்."

நானூறு பேர் இருந்த மண்டபத்தில் கடலைப் பருப்பு வேகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் தட்டைத் தூக்கினார்கள். வினெற் ஆறு சோடியையும் கவனித்துப் பார்த்திருக்கிறார், சுற்று ஒன்றும் பிசகவில்லை. பிள்ளைக்குப் பொட்டு வைக்கும்போது மட்டும் விரல் தவறி மூக்கில் பட்டுவிட்டது. ஆரணி சிரித்துவிட்டாள். பிறகு குனிந்து மாமியின் காலைத் தொட்டாள், வினெற்றின் காலையும் தொட்டாள். கீழே யாரோ கைதட்டத் தொடங்கிவிட்டு, தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

அக்கா மைக்கைத் திருப்பி என்னிடம் நீட்டினார். வெறுமனே நீட்டவில்லை, வியாழக்கிழமைகளில் பக்கத்து ஆளிடம் துவாயைக் கொடுக்கிற மாதிரி, கண்ணைப் பார்த்து நீட்டினார். என் முறை. நானூறு பேர், நல்ல ஒலிபெருக்கி, நல்ல குரல்.

"பந்தி தயார். எல்லாரும் சாப்பிட வாங்கோ" என்றேன்.

குகதாசன் சொன்ன சொல்லில் நின்றான், பிள்ளையை விடவில்லை. வீடியோவிலும் அந்தத் துண்டை வெட்டச் சொன்னான். கசெற்றில் ஆறாவது சோடி இறங்கியதும் நேரே சோற்றுப் பந்தி வரும். சாத்திரப்படி பார்த்தால் தோசம் அந்தக் கசெற்றுக்குத்தான். அக்கா சொன்னபடியே நன்றாக அழுதார். நாலு சனிக்கிழமை அழுதார். ஐந்தாவது சனிக்கிழமை ஆரணி தனியே பஸ் எடுத்து வந்து நின்றாள், வீட்டில் நீச்சல் வகுப்பு என்று சொல்லிவிட்டு வந்தாளாம். நீந்தப் போன பிள்ளை சொட்டுத் தண்ணீர் படாத தலையோடு, அதுவும் நுனியில் மணி கட்டிய புதுப் பின்னலோடு வீட்டுக்குப் போனால் தகப்பனுக்குத் தெரியாதா? குகதாசன் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. சிவனேஸ்வரியும் அவிழ்க்கவில்லை. அடுத்த வாரம் நீச்சலுக்குப் போகும்போது கொண்டுபோகச் சொல்லி ஒரு பெட்டி பலகாரம் கட்டிக் கொடுத்தார்.

இது நடந்து நாலு வருடம். அக்கா என்னை ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. போன வியாழன் கோப்பை கழுவும்போதுதான், எழுதுகிறாயே, எதுவரை வந்திருக்கிறாய் என்று கேட்டார். பந்தி வரை என்றேன்.

"துவாய் இன்னும் உன்ரை கையிலைதான் கிடக்குது, வாசு" என்றார்.

நான் வாசுதேவன். எனக்குச் செவ்வாயில் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். அடுத்த ஆள் வாங்கிக்கொள்ளுங்கள்.